பலகை மேற்கு என்றது, வெயில் கிழக்கு என்றது

அக்கா,

நேற்று பாக்கனம் பக்கம் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு மகன் காரில் அழைத்துப் போனான். ஜூலைக் குளிர்தான், ஆனால் அதிசயமாக மேகம் இல்லை. கிளென் வேவர்லியிலிருந்து இறங்கிப் பெரிய சாலையில் திரும்பியதும் என் பக்கத்துக் கண்ணாடி வழியாக மதிய வெயில் வந்து மடியில் விழுந்தது. பட்டுச் சேலையின் மேல் சூடாக உட்கார்ந்துகொண்டது. நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே பச்சைப் பலகை: பிரின்சஸ் ஹைவே, ஈஸ்ட். மகனுடைய போனும் தன் பங்குக்கு ஏதோ திசை சொன்னது. எனக்கு எதுவும் காதில் விழவில்லை. எழுபதுகளில் ஒரு ஜூலை மதியத்தில் உங்கள் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நாம் மெல்பேர்னின் கென்சிங்டனில் ஒரே செங்கல் கட்டடத்தில் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். நான் மதுரையிலிருந்து கல்யாணமான கையோடு வந்தவள். என் வீட்டுக்காரர் காலையில் பல்கலைக்கழகத்துக்குப் போனால் இருட்டிய பிறகுதான் தலையைக் காட்டுவார். நீங்கள் சாவகச்சேரிக்காரி, இன்சூரன்ஸ் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். உங்கள் கணவருக்கு லட்ரோப் பள்ளத்தாக்கில் மின்நிலைய வேலை. அங்கேயே ஹாஸ்டலில் தங்கி, வெள்ளிக்கிழமை ரயிலில் வருவார். அவரை நான் கடைசிவரை ‘சார்’ என்றேதான் கூப்பிட்டேன். நீங்கள் சிரிப்பீர்கள். “அவர் என்ன பள்ளிக்கூடமே நடத்துறார்?” என்பீர்கள்.

அந்த வருடம்தான் நீங்கள் லைசென்ஸ் எடுத்து, பழைய வெள்ளைக் கார் ஒன்றையும் வாங்கினீர்கள். எனக்குத் தெரிந்து கார் ஓட்டிய முதல் தமிழ்ப் பெண் நீங்கள்தான். ஓட்டத் தெரிந்ததே ஒழிய இந்த ஊரின் வழிப்பலகைகளோடு உங்களுக்கு ஒத்தே போகவில்லை. “வடக்கு மெல்பேர்ன் எண்டு பேர், பாத்தா மேற்க ஒதுங்கிக் கிடக்கு. மேற்க போனா அங்க ஒரு கிழக்குக் கீலோர்! இந்தச் சனத்துக்குத் திசை எண்டுறது சும்மா ஒரு பேர், பிள்ளை” என்பீர்கள். நானும் ஒத்து ஊதுவேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

கோடையில் பாக்கஸ் மார்ஷ் பக்கம் ஒரு பண்ணைக்குப் பச்சை மிளகாய் வாங்கப் போனோமே, நினைவிருக்கிறதா? போர்டில் வெஸ்டர்ன் ஹைவே என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சாயங்காலச் சூரியனோ எனக்கு இடப்பக்கம், கன்னத்தைச் சுட்டுக்கொண்டு வந்தது. நீங்கள் ஸ்டியரிங்கைத் தட்டிக் காட்டினீர்கள். “மேற்க போறமெண்டா சூரியன் முன்னாலயல்லோ நிக்க வேணும்? இது வடக்க போற ரோட்டு. போர்ட் பொய் சொல்லும், பிள்ளை, சூரியன் சொல்லாது.” எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. பண்ணையும் கிடைத்தது, மிளகாயும் கிடைத்தது. உங்கள் பேச்சை மறுக்க எனக்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது.

அதே நாளில்தான், திரும்பி வரும்போது பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் ஒருவன் நம் சேலையைப் பார்த்து ஒரு சொல் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் உடனே காரை எடுத்தீர்கள். அதற்குப் பிறகு யாரிடமும் வழி கேட்க நீங்கள் கண்ணாடியை இறக்கியதே இல்லை.

அந்த ஜூலை மதியம் வேலைநாள். நான் சோற்றை வடித்துவிட்டு நிமிர்கிறேன், கதவை உடைப்பது போலத் தட்டுகிறீர்கள். கோட்டுப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டிருந்தீர்கள்.

“பிள்ளை, கோட்டைப் போடும். கெதியா வாரும் என்னோட.”

“என்னக்கா? என்னாச்சு?”

“அவர் விழுந்திட்டாராம். மேல ஏதோ தட்டில நிண்டு வேலை பாத்தவராம். வயித்துக்குள்ள ரத்தம் போகுதாம். மெல்பேர்னில இருந்து பெரிய டாக்குத்தர் வெளிக்கிட்டிட்டாராம். அவர் வந்த உடன ஒப்பரேசன். அதுக்கு முதல் என்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிக் கேட்டவராம். என்னட்ட ஏதோ சொல்ல வேணுமாம்.”

அலுவலகத்துக்குப் போன் வந்திருக்கிறது. ரயிலுக்குச் சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டும். “காரை நான் ஓடுவன். நீர் பக்கத்தில இருந்தாக் காணும்” என்றீர்கள். அடுப்பை அணைத்தேனா என்று படியில் ஒரு சந்தேகம் வந்தது. திரும்பிப் போய்ப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை.

வழி நம் இருவருக்கும் தெரியாது. நீங்கள் அங்கே போனது ஒரே தடவை, அதுவும் ரயிலில், தூங்கிக்கொண்டு. தெருப் படங்கள் உள்ள புத்தகத்தைச் சார் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போயிருந்தார். கையில் இருந்ததெல்லாம் கார் வாங்கிய அன்று அவர் சொன்ன ஒரு வார்த்தைதான்: “பிரின்சஸ் ஹைவே, நம்பர் ஒண்டு. கிழக்க பிடிச்சியெண்டா அது உன்னை என்ர வாசலில கொண்டு வந்து விடும். வழியில மலை தெரியும், பயப்பிடாத.”

ஒன்றாம் நம்பர் போட்ட கேடயப் பலகை பெரிய சந்திப்பில் நின்றது. ஆனால் இரண்டு பக்கமும் அதே ஒன்று. ஒரு பக்கத்து அம்புக்கு மேலே ‘சிட்டி’ என்று மட்டும் இருந்தது. மறுபக்கத்தில் பிரின்சஸ் ஹைவே, வெஸ்ட். கிழக்கு என்ற சொல் எந்தப் பக்கமும் இல்லை. கிழக்கே போக வேண்டியவர்கள் முதலில் நகரத்துக்குள் போய் மறுபுறம் வெளியேற வேண்டும் என்று அந்தப் பலகையை எழுதியவருக்குத் தெரிந்திருக்கும். நமக்கு எப்படித் தெரியும்? பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்திருந்தார்.

“நாங்கள் சிட்டிக்கா போறம்? பிரின்சஸ் ஹைவேக்கெல்லோ போறம்” என்று திருப்பினீர்கள்.

“அக்கா, வெஸ்ட்னு போட்டிருக்கே.”

“உந்த போர்டை விடும். வெயில் எங்க விழுது? என்ர வலத்தோளில. குளிர் காலத்தில சூரியன் தெற்காலதானே சாயிறது? அப்ப என்ர வலப்பக்கம் தெற்கு, முன்னுக்குக் கிழக்கு.”

நானும் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மார்கழியிலும் தையிலும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உச்சி வெயில் தெற்கே சாய்ந்துதான் அடிக்கும். வற்றல் காயப்போடும் அம்மாவுக்கு நிழல் எந்தப் பக்கம் நகரும் என்பது அத்துப்படி. இங்கேயும் பல் கிட்டும் குளிர். உங்கள் பேச்சில் எனக்கு ஓட்டை தெரியவில்லை. சரிதான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆற்றுப் பாலம் தாண்டியது. வீடுகள் குறைந்தன. அப்புறம் மரங்களும் குறைந்தன. இருபுறமும் வெட்டவெளி, கருங்கல் அடுக்கிய வேலி, காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் ஆடுகள். உங்கள் தோளில் வெயில் அப்படியே இருந்தது. என் பக்கம் நிழல், கால் விறைத்துப் போயிற்று.

“மலை தெரியும்னாரே சார்?”

“தெரியும்.”

இன்னொரு பலகை வந்தது. அதிலும் வெஸ்ட். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சாலையைப் பார்த்தீர்கள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், “மலையே காணோமே அக்கா” என்றேன். “வரும், பிள்ளை, வரும்” என்றீர்கள். குரல் ஒரு மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தீர்கள்.

அப்போதுதான் அந்தப் பெயர் வந்தது: ஜீலாங். அதற்குப் பக்கத்தில் தூரம். என் வீட்டுக்காரர் போன மாதம்தான் ஜீலாங்கில் ஒரு கூட்டத்துக்குப் போய் வந்திருந்தார். மேற்கே, கடல் ஓரம் என்று சொல்லியிருந்தார்.

“அக்கா, ஜீலாங் மேக்காலதான் இருக்கு. எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. நாம தப்பா வந்துட்டோம்.”

“இல்லை.”

“தப்புக்கா. நிறுத்துங்க, யாரையாவது கேப்போம்.”

“சூரியன் பொய் சொல்லுமே, பிள்ளை?”

இப்படிச் சொல்லிவிட்டு நீங்கள் காரை இன்னும் வேகமாக விட்டீர்கள். அதை நான் மறக்கவே மாட்டேன். தப்பு என்று ஒப்புக்கொண்டால் வந்த தூரமெல்லாம் வீண். வந்த தூரமெல்லாம் வீண் என்றால் சார் சொல்ல நினைத்ததை நீங்கள் கேட்கப் போவதில்லை. அதனால் சரியான வழிதான் என்று அந்த வெள்ளைக் காரை அடித்து ஓட்டினீர்கள். எனக்குப் பயத்தில் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதுவரை உங்களிடம் குரல் உயர்த்தியிராத நான் கத்தினேன். “நிறுத்துங்கன்னா நிறுத்துங்க! சார் அங்க கிடக்காரு, நீங்க இங்க வீம்பு பண்றீங்க!”

நிறுத்தினீர்கள். ஒரு பெட்ரோல் நிலையத்துக்கு முன்னால். ஆனால் இறங்கவில்லை.

“நான் கேக்க மாட்டன்” என்றீர்கள். “நீர் போய்க் கேளும்.”

என் ஆங்கிலம் அப்போது பாடப்புத்தக ஆங்கிலம். அதுவும் பதற்றத்தில் பாதி மறந்துபோயிற்று. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா சொல்வாள், அன்று வாயைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே ஒரு பெண்மணி கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன், ஆஸ்பத்திரி என்றேன், பிரின்சஸ் ஹைவே என்றேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தார். நாம் வந்த திசைக்கே கையை நீட்டி, “அந்தப் பக்கம், டியர். நகரத்தைத் தாண்டி அந்தக் கடைசி” என்றார். காரில் இருந்த உங்கள் முகத்தைப் பார்த்தவர் வேறெதுவும் கேட்கவில்லை. ஓடிப் போய்த் தேநீர்க் கூஜாவையே தூக்கி வந்துவிடுவார் போல இருந்தது, நான்தான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றேன்.

திரும்பிப் பார்த்தால் நீங்கள் காரை விட்டு இறங்கி நிற்கிறீர்கள். தரையில் விழுந்த உங்கள் நிழலைப் பார்த்துக்கொண்டு.

“பிள்ளை, இஞ்ச சூரியன் வடக்காலயெல்லோ நிக்குது” என்றீர்கள். “நாங்கள் உலகத்தின்ர மற்றப் பக்கம் வந்திட்டம். நான் அதை யோசிக்கேல்லை.”

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். ரிவர்ஸ் கியர் உங்களுக்கு விழவே இல்லை. எப்படியோ திருப்பினோம். திரும்பிய உடனே வெயில் உங்கள் தோளை விட்டு என் மடிக்கு வந்தது. அந்தச் சூடு எனக்கு இதமாக இருக்கவில்லை, அக்கா. வந்த வழியை எல்லாம் திரும்பக் கடக்க வேண்டும் என்று அது சொல்லிக்கொண்டே வந்தது.

நகரத்துக்குள் ஒவ்வொரு சிக்னலும் நமக்கென்றே சிவப்பைப் போட்டது. டிராம் ஒன்று முன்னால் நின்று கிழவிகளை நிதானமாக இறக்கியது. மறுபுறம் வெளியே வந்த பிறகுதான் முதல் தடவையாக அந்தச் சொல் பலகையில் வந்தது. நீங்கள் அதை வாய்விட்டு வாசித்தீர்கள். “ஈஸ்ட்.” அடுத்த பலகை, “ஈஸ்ட்.” அடுத்தது, “ஈஸ்ட்.” கந்தசஷ்டிக்கு முருகா முருகா என்பது போல வாசித்துக்கொண்டே ஓட்டினீர்கள். ஒரு இடத்தில் சாலை தெற்கே வளைந்து வளைந்து போனது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். “போர்டையே நம்புவோம்க்கா” என்றேன். தலையை ஆட்டினீர்கள். வெயில் மடியிலிருந்து நழுவி என் முதுகுக்குப் போயிற்று. தூரத்தில் நீலமாக மலை தெரிந்தபோது நீங்கள் அழ ஆரம்பித்தீர்கள். காரை நிறுத்தவில்லை.

பொழுது சாயும் நேரத்துக்கு ஆஸ்பத்திரி வந்தது. நர்ஸ் ஒருவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். சாரை அப்போதுதான் உள்ளே கொண்டு போயிருந்தார்கள். பெரிய டாக்டர் முடிந்தவரை தாமதித்துப் பார்த்திருக்கிறார். “உங்களிடம் என்னவோ சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்களிடம் சொல்லுங்கள், எழுதி வைக்கிறோம் என்றோம். மாட்டேன் என்றுவிட்டார்” என்றார் நர்ஸ்.

அந்த நீண்ட நடையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். “கதிரை ஆடுது” என்றீர்கள். கதிரை ஆடவில்லை, நீங்கள்தான் ஆடிக்கொண்டிருந்தீர்கள். கார்ச் சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கியிருந்தீர்கள். நான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தபோது சாவியின் பல்லெல்லாம் சதையில் பதிந்திருந்தது. “நான் நேர போயிருந்தா” என்று ஆரம்பித்தீர்கள். முடிக்கவில்லை. முடிக்காத அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் உங்கள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

சார் பிழைத்துக்கொண்டார். மறுநாள் கண்ணைத் திறந்தவர் உங்களைத்தான் முதலில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நீங்கள் தண்ணீர்கூடக் கொடுக்காமல் முதலில் கேட்டது, “என்ன சொல்ல இருந்தனீங்கள்?”

“ஒண்டுமில்லை. மறந்துபோனன்.”

“பொய்!”

“நீ ஏன் பிந்தினனீ?”

“கார் பழுதாப் போச்சு” என்றீர்கள். நானும் தலையை ஆட்டினேன். அவர் கடைசிவரை அந்தக் காரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார், பாவம் அந்தக் கார்.

ஆனால் நீங்கள் விடவில்லை. கல்யாண நாள் வந்தால் கேட்பீர்கள், தீபாவளிக்குக் கேட்பீர்கள், சண்டை போட்டால் சண்டை நடுவே கேட்பீர்கள். அவர் சிரிப்பார். ஒரு நாள் தூக்கத்திலேயே அவர் போனபோது, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் என் காதில் நீங்கள் சொன்னதும் அதுதான். “கடைசி வரைக்கும் சொல்லேல்லையே, பிள்ளை. அண்டைக்கு நான் நேரத்துக்குப் போயிருந்தாச் சொல்லியிருப்பார்.” வீடு, நிலம், பிள்ளை குட்டி பற்றி ஏதாவது இருக்கும் என்று நான் ஆறுதல் சொல்லப் போய், நீங்கள் என்னை முறைத்தீர்கள்.

இந்த மே மாதம் உங்கள் மகள் கிரெய்கிபர்னிலிருந்து போன் செய்தாள். “அன்ரி, மம் உங்களைக் கேக்கிறா. ஏதோ சொல்ல வேணுமாம். கேன் யூ கம் நவ்?”

போட்டது போட்டபடி கிளம்பினேன். மகன் ஓட்டினான். ரிங் ரோட்டில் பலகைக்குப் பலகை நான் உரக்க வாசித்துக்கொண்டே வந்தேன். “அம்மா, ஜி.பி.எஸ். இருக்கு. ரிலாக்ஸ்” என்றான். அவனுக்கு என்ன தெரியும். ஒரு இடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்து, மேலே ஒன்றுக்கு மூன்று பெயர் போட்டிருந்தது. அவன் கடைசி நொடியில் தடம் மாறினான். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே, முருகா, அக்கா சொல்வதையாவது கேட்டுவிட வேண்டுமே என்று சேலை நுனியை முறுக்கிக்கொண்டு இருந்தேன்.

நீங்கள் ஜன்னல் ஓரம் படுத்திருந்தீர்கள். பாதியாக இளைத்திருந்தீர்கள். கண் மட்டும் பழைய கண்.

“வழி பிழைக்கேல்லையே?”

“இல்லக்கா. நேரா வந்துட்டேன். என்னக்கா, என்ன சொல்லணும்?”

நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

“ஒண்டுமில்லை, பிள்ளை. உம்மைப் பாக்க வேணும் போல கிடந்தது. அதுக்குத்தான்.”

சொல்லி முடித்ததும் உங்கள் முகம் மாறியது. என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். அவ்வளவு பலம் அந்தக் கையில் எங்கிருந்து வந்ததோ.

“பிள்ளை... அவரும் அதுக்குத்தான் கேட்டிருப்பார், என்ன?”

“ஆமாக்கா. அதுக்குத்தான்.”

“அப்ப அவர் மறைக்கேல்லை. சொல்ல ஒண்டும் இருக்கேல்லை.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினீர்கள். “அடுத்த நாள் கண் முழிச்சுப் பாத்தவர்தானே. நல்லாப் பாத்தவர்.”

“உங்களைத்தாங்க்கா முதல்ல பாத்தாரு. நான் பக்கத்துலயே நின்னேன்.”

“ஓம்” என்றீர்கள். கையை விடவில்லை. அந்த வாரமே போய்விட்டீர்கள்.

இப்போது யாராவது என்னைக் கூப்பிட்டு, வா, ஒன்று சொல்ல வேண்டும் என்றால், போனிலேயே சொல்லேன் என்று நான் கேட்பதில்லை. கிளம்பிவிடுகிறேன். வழி தெரியாவிட்டால் எவர் கடைக்குள்ளும் நுழைந்து கேட்கிறேன். என் மகனுக்கு அது மானக்கேடாக இருக்கிறது, இருக்கட்டும்.

நேற்றும் நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவன் கேட்டான். “வெயில் கூசுதாம்மா? ஷேட் இறக்கட்டுமா?”

“வேண்டாம், விடு” என்றேன். வெயில் என் மடியில்தான் இருந்தது, அக்கா. நாங்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம்.